வீடு உடைத்துக் களவு போன பிறகு: பொலிஸோடு நான் பட்ட பாடும் பரிசோதகர் அறிக்கை கைகொடுத்த விதமும்

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு உடைத்து நகை களவு போவது எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. தீபாவளி நெருங்க, ஆசிய வீடுகளில் தங்கம் வைத்திருப்பவர்கள் கவனம் என்று பொலிஸே அறிவித்தல் விடுகிறது. ஆனால் களவு போன பிறகு பொலிஸ் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் யாரிடம் போவது, எதற்குப் பிறகு எது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கேட்ட எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்: "விடும் தங்கச்சி, இவங்கள் ஒண்டும் செய்யமாட்டாங்கள்." நான் விடவில்லை. நகை திரும்பி வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதை எதிர்பார்த்து வாசிக்க வேண்டாம்.

2023ஆம் ஆண்டு இலையுதிர் காலம். மாமிக்குக் கடும் வருத்தம் என்று கணவர் ஊருக்குப் போயிருந்தார். வேலை முடிந்து, பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ளே காற்று அடிக்கிறது. பின்கதவுக் கண்ணாடி குசினி முழுக்கச் சிதறிக் கிடந்தது. மேலே அறையில் அலுமாரி லாச்சிகள் எல்லாம் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டியிருந்தன. தாலிக்கொடி, அம்மாவின் அட்டியல், மகளின் காப்புகள், எல்லாமாக நாற்பத்தைந்து பவுண் வரும், அப்படியே போய்விட்டது. அந்த நேரத்துத் தங்க விலையில் 16,000 பவுண்ட்ஸுக்கு மேல். வேலைக்குப் போகும்போது மெல்லிய சங்கிலி மட்டும் போட்டுக்கொண்டு தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதானே இங்கே எங்கள் பழக்கம். அது கள்ளருக்கும் தெரிந்திருக்கிறது.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவசரமில்லாத விஷயங்களுக்கான பொலிஸ் இலக்கமான 101க்கு அடித்தேன். (கள்ளர் இன்னும் உள்ளே இருக்கலாம் என்று சின்னச் சந்தேகம் இருந்தால்கூட வெளியே வந்து 999க்கு அடியுங்கள், 101 அதற்கில்லை.) நெடுநேரம் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்து ஒரு பெண் எடுத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். பெயர், விலாசம், என்ன போனது, எவ்வளவு பெறுமதி எல்லாம் கேட்டு எழுதினார். யாராவது உங்களோடு தொடர்புகொள்வார்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் கைபேசிக்குக் குற்ற இலக்கம் வந்தது. அவ்வளவுதான். எதையும் தொடாதே, கண்ணாடியைக் கூட்டாதே, அந்த அறைக்குள் போகாதே என்று ஒரு வார்த்தை இல்லை. சின்னவன் வெறுங்காலோடு ஓடித் திரிகிறவன். குளிர் வேறு. நான் கண்ணாடியைக் கூட்டி அள்ளினேன், லாச்சிகளை எடுத்து வைத்தேன். தெரிந்த அண்ணை ஒருவர் பலகை கொண்டுவந்து பின்கதவை அடித்துத் தந்தார்.

இரண்டொரு நாள் கழித்து ஓர் உத்தியோகத்தர் தொலைபேசியில் வந்தார். வீட்டுக்கு வரவில்லை. அயலில் சிசிடிவி இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். தடயம் எடுக்க வரலாமா என்று பார்த்தால் நீங்கள் எல்லாவற்றையும் துப்புரவாக்கிவிட்டீர்களே, விசாரிக்க வழி ஒன்றும் இல்லை, கோவையை மூடுகிறோம், மன்னிக்கவும் என்றார். தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நகை போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. என்னுடைய வீட்டை நான் கூட்டியதுதான் குற்றம் என்பது போல இருந்தது அந்தப் பேச்சு. இரவில் கீழே சின்னச் சத்தம் கேட்டாலும் எழும்பி இருப்பேன். ஊருக்குத் தொலைபேசி எடுத்து அவரிடம் முழுவதையும் சொல்லவும் முடியவில்லை, அங்கே மாமி ஆஸ்பத்திரியில்.

இந்த இடத்தில் காப்புறுதி பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் காசு போனது அதில்தான். வீட்டுப் பொருட்களுக்குக் காப்புறுதி இருந்தது. ஆனால் அதில் ஒரு தனிப் பொருளுக்கு உச்ச வரம்பு, நகை போன்ற பெறுமதியான பொருட்களுக்கு மொத்தமாக இன்னொரு வரம்பு என்று சின்ன எழுத்தில் இருக்கும். வரம்புக்கு மேற்பட்ட நகையைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பதிந்திருக்கவேண்டும். தாலிக்கொடி பதியப்படவில்லை. கலியாண அல்பத்தில் நகை தெளிவாகத் தெரிகிற படங்கள், நகைக்கடைக்காரர் பழைய பற்றுச்சீட்டை வைத்து எழுதித் தந்த மதிப்பீடு எல்லாம் கொடுத்தும் கைக்கு வந்தது 4,500 பவுண்ட்ஸ். ஆகவே இன்றைக்கே உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து அந்த இரண்டு வரம்புகளையும் பாருங்கள். நகையை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து, நிறையையும் எழுதி, படத்தை வீட்டுக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள். படம் இருந்த மடிக்கணினியும் நகையோடு களவு போன கதைகள் எனக்குத் தெரியும்.

சரி, பொலிஸ் விஷயத்துக்கு வருகிறேன். வேலையிடத்தில் ஒரு அக்கா, பொலிஸுக்கு மேலே அரசரின் பரிசோதகர்கள் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அவர்களுக்கு எழுது என்றா. ஹெச்.எம்.ஐ.சி.எஃப்.ஆர்.எஸ். என்று நாக்கு சுளுக்கும் ஒரு பெயர். இங்கிலாந்து, வேல்ஸில் உள்ள 43 பொலிஸ் படைகளையும் பரிசோதிப்பது அவர்கள் வேலை, 2017இலிருந்து தீயணைப்புச் சேவைகளும் சேர்த்து. நான் இரவிருந்து மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். தனிப்பட்ட முறைப்பாடுகளை நாங்கள் விசாரிப்பதில்லை, சம்பந்தப்பட்ட பொலிஸ் படைக்கே முதலில் முறையிடுங்கள் என்று பதில் வந்தது. கள்ளனைப் பற்றிக் கள்ளனிடமே சொல்லச் சொல்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் அந்த ஏமாற்றத்தில்தான் அவர்களுடைய இணையத்தளத்தில் இருந்த அறிக்கைகளை வாசிக்கத் தொடங்கினேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த வாசிப்புத்தான் அடி.

இந்தப் பரிசோதகர் முறை இன்று நேற்று வந்ததல்ல. 1856இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அரசாங்கம் பரிசோதகர்களை அனுப்பும், இந்தப் படை திறமையாக நடக்கிறது என்று அவர்கள் சான்று கொடுத்தால் பொலிஸாரின் சம்பளத்திலும் உடுப்புச் செலவிலும் கால்வாசியை அரசாங்கம் கொடுக்கும். சான்று இல்லாவிட்டால் காசு இல்லை. எனக்கு இது நல்லாய்ப் பிடித்திருந்தது. இப்போது அப்படிக் காசைப் பிடித்து வைக்கும் பிடி அவர்களிடம் இல்லை. பொலிஸ் தலைமை அதிகாரிக்கு இதைச் செய் என்று கட்டளை போடவும் முடியாது. பரிசோதிப்பார்கள், எழுதுவார்கள், எல்லாருக்கும் தெரியும்படி வெளியிடுவார்கள். அறிக்கை வந்து 56 நாட்களுக்குள் அந்தப் பகுதியின் தெரிவுசெய்யப்பட்ட பொலிஸ் ஆணையாளர் அதற்குப் பகிரங்கமாகப் பதில் எழுதியாகவேண்டும். அவ்வளவுதான் அதிகாரம். வாசிக்கும்போது இதென்ன பல்லில்லாத அமைப்பு என்றுதான் தோன்றும்.

அப்படிச் சொல்லிவிடவும் முடியாது என்பதற்கு மான்செஸ்டர் கதை இருக்கிறது. 2020 டிசெம்பரில் வந்த பரிசோதகர் அறிக்கை, கிரேட்டர் மான்செஸ்டர் பொலிஸ் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 80,000 குற்றங்களைப் பதியாமலே விட்டிருக்கிறது என்றது. சனம் வந்து முறையிட்ட குற்றங்களில் ஐந்தில் ஒன்று. அந்த மாதமே தலைமை அதிகாரி பதவியை விட்டுப் போனார். படை பரிசோதகர்களின் விசேட கண்காணிப்புக்குள் வந்து 2022இல்தான் வெளியே வந்தது. லண்டன் பெருநகரப் பொலிஸும் 2022 ஜூனில் அதே கண்காணிப்புக்குள் போய் 2025 ஜனவரி வரை இருந்தது. அதற்கும் முன்னால், 2014இல், நாடு முழுவதும் சோதித்து, பொலிஸுக்குச் சொல்லப்பட்ட குற்றங்களில் 19 வீதம், வருடத்துக்கு 8 இலட்சத்துக்கும் மேல், பதியப்படவில்லை என்று எழுதினார்கள். இதை அவர்கள் கண்டுபிடிக்கும் விதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மாதிரிக்குச் சில அழைப்புகளை எடுத்து, அந்த ஒலிப்பதிவைக் கேட்டு, அந்த ஆள் சொன்னது கோவையில் ஏறியதா, பிறகு என்ன செய்தார்கள் என்று கடைசிவரை பின்தொடர்ந்து பார்க்கிறார்கள். என்னுடையதைப் போன்ற அழைப்புகளைத்தான்.

பரிசோதகர்கள் உண்மையிலேயே சுதந்திரமானவர்களா என்று கேட்பவர்களுக்கு: அவர்களை நியமிப்பது அரசர், பொலிஸின் கீழோ அமைச்சரின் கீழோ அவர்கள் இல்லை. ஆனால் பலர் முன்னாள் பொலிஸ் மேலதிகாரிகள். பொலிஸ் பின்னணி இல்லாத ஒருவர் தலைமைப் பரிசோதகரானதே 2012இல்தான், முன்பு ரெயில்வே ஒழுங்குபடுத்துநராக இருந்த டொம் வின்சர். அவருக்குப் பிறகு 2022இல் வந்த அண்டி குக் மேர்சிசைட் பொலிஸின் தலைமை அதிகாரியாக இருந்தவர். தொழில் தெரிந்தவனுக்குத்தான் ஓட்டை எங்கே என்று தெரியும் என்பார்கள் சிலர். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் அறிக்கைகளை வாசித்தால் பூசி மெழுகவில்லை என்பது தெரிகிறது.

எனக்குக் கைகொடுத்த அறிக்கை 2022 ஓகஸ்டில் வந்தது. வீடு உடைத்தல், வழிப்பறி, களவு ஆகியவற்றைப் பொலிஸ் எப்படிக் கையாள்கிறது என்பதைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை. அதன் முதலாவது பரிந்துரையை வாசித்தபோது நெஞ்சு அடைத்தது. பாதிக்கப்பட்டவர் முதன்முதலில் தொலைபேசி எடுக்கும்போதே தடயத்தைக் காப்பாற்றுவது பற்றிய ஆலோசனையை உரிய நேரத்தில் சொல்லவேண்டும், ஆபத்து மதிப்பீடு செய்து அதைப் பதியவேண்டும், இதை எல்லாப் படைகளும் 2023 மார்ச்சுக்குள் செய்து முடிக்கவேண்டும் என்று இருந்தது. எனக்குக் களவு போனது அந்தக் கெடு முடிந்து மாதங்கள் கழிந்த பிறகு. அதோடு 2022 ஒக்டோபரில், வீடு உடைத்துக் களவு நடந்தால் நேரில் வருவோம் என்று இங்கிலாந்து, வேல்ஸின் தலைமைப் பொலிஸ் அதிகாரிகள் எல்லாருமே வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதுவும் என் வீட்டில் நடக்கவில்லை. அதுவரை என் மனதில் இருந்தது வெறும் ஆற்றாமை. இப்போது கையில் ஓர் அளவுகோல் வந்துவிட்டது. "எனக்கு மனவருத்தம்" என்று எழுதுவதற்கும் "நீங்கள் செய்யவேண்டியது இது, செய்யவில்லை" என்று எழுதுவதற்கும் இருக்கிற வித்தியாசம் பெரிது. முதலாவதற்கு அனுதாபக் கடிதம்தான் வரும். இரண்டாவதற்கு அவர்கள் பதில் சொல்லியாகவேண்டும்.

உங்கள் பகுதிப் படைக்கென்றே பரிசோதகர்கள் எழுதும் அறிக்கையையும் தேடி எடுங்கள். பீல் பரிசோதனை என்பார்கள், 2014இல் தொடங்கியது. சனத்தின் அழைப்புக்குப் பதிலளிப்பது, குற்றத்தை விசாரிப்பது, மக்களை மரியாதையாக நடத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தரம் போடுவார்கள். அதிசிறப்பிலிருந்து போதாது வரை ஐந்து தரங்கள். முன்னுரையையும் தலைமை அதிகாரியின் படத்தையும் தாண்டி நேரே அழைப்புக்கும் விசாரணைக்கும் உரிய பகுதிகளுக்குப் போங்கள். எங்கள் படைக்கு, அழைப்பின்போது தடயம் பற்றி ஆலோசனை சொல்வதில் குறை இருக்கிறது என்று ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். அந்தப் பந்தியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்ததாக நான் செய்தது, என்னுடைய 101 அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டது. உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலைத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை, காசு இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். பொலிஸின் இணையத்தளத்திலேயே அதற்குப் படிவம் இருக்கிறது. அழைத்த திகதி, நேரம், எந்த இலக்கத்திலிருந்து என்று தெளிவாகக் கொடுத்தால் தேடுவது சுலபம். ஒலிப்பதிவு வந்தது. என்னுடைய குரலை நானே கேட்கக் கஷ்டமாக இருந்தது, ஆங்கிலம் தடுமாறி, நடுவில் மகள் அழுகிற சத்தம். ஆனால் தடயம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. முறைப்பாடு எழுத முதலே இதை எடுத்து வையுங்கள்.

முறைப்பாடு போகவேண்டிய இடம் அந்தப் படையின் புரொஃபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவு. ஐ.ஓ.பி.சி. என்கிற சுயாதீன முறைப்பாட்டு அலுவலகத்தின் இணையத்தளத்தில் எழுதினாலும் அது முதலில் படைக்குத்தான் அனுப்பப்படும். இதில் எல்லாரும் வழுக்குகிற ஓர் இடம் இருக்கிறது, கவனமாக வாசியுங்கள். முறைப்பாடு போட்டதும் ஒருவர் அன்பாகத் தொலைபேசியில் வருவார். "நாங்கள் விளக்கம் சொன்னால் உங்களுக்குத் திருப்தியாக இருக்குமா? இதைச் சுருக்கமாக முடித்துவிடலாமா?" என்பார். சம்மதித்தால் உங்கள் முறைப்பாடு 2002 பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைக்கு, அதாவது முறைப்பாடுகளை முறையாகக் கையாளும் விதிகளுக்கு, வெளியே போய்விடும். அப்படிப் போனால் முடிவு பிடிக்காவிட்டாலும் மேலே மறுபரிசீலனை கேட்க முடியாது. எனக்கு வந்த குரலும் அப்படித்தான், மிகவும் இனிமையாக. நான் சொன்னது இவ்வளவுதான்: "நன்றி, ஆனால் இதை மூன்றாம் அட்டவணையின் கீழ் முறையாகப் பதியவேண்டும் என்று விரும்புகிறேன்." நீங்கள் அப்படிக் கேட்டால் அவர்கள் பதிந்தே ஆகவேண்டும். கேட்டதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பிவிடுங்கள். சின்ன விஷயம் என்றால், உதாரணமாக ஒருவர் திருப்பி அழைக்கவில்லை என்பதுபோல, சுருக்கமாக முடிப்பதில் பிழையில்லை. விரைவாகவும் முடியும்.

இன்னொன்று. பாதிக்கப்பட்டவருக்கு மறுபரிசீலனை உரிமை என்று தனியே ஒன்று உண்டு. பலர் அதைப் பார்த்துவிட்டு அதன்கீழ் எழுதுவார்கள். ஆனால் அது, பொலிஸ் சந்தேக நபர் ஒருவரை அடையாளம் கண்டு விசாரித்த பிறகு வழக்குத் தொடராமல் விடும்போதுதான் பொருந்தும். கள்ளன் யார் என்றே தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு அது பயன்படாது. அதில் நேரத்தை வீணாக்கவேண்டாம்.

மாதங்கள் போயின. கணவர் திரும்பி வந்துவிட்டார், மாமியை இழந்த துக்கத்தோடு. அவர், "இனி விடப்பா, உடம்புதான் கெடும்" என்றார். உண்மைதான், என் இரத்த அழுத்தம் ஏறித்தான் இருந்தது. விடுமுறை எடுத்த நாட்களுக்குச் சம்பளமும் வெட்டு. படையின் முதல் முடிவு, அளிக்கப்பட்ட சேவை ஏற்கத்தக்கது என்று வந்தது. இரண்டு பக்கக் கடிதத்தில் ஒலிப்பதிவைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. பரிசோதகர் அறிக்கையைப் பற்றியும் இல்லை. நான் எழுதிய இரண்டு முக்கியமான விஷயங்களையும் தொடாமலே பதில் எழுதியிருக்கிறார்கள். வாசித்தபோது கோபம் வந்தது, பிறகு யோசித்தால் அதுவே எனக்குச் சாதகம் என்று விளங்கியது.

மறுபரிசீலனைக்கு 28 நாட்கள்தான், கடிதத்தின் திகதிக்கு அடுத்த நாளிலிருந்து. கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து என்று நினைத்திருந்தால் பிந்திவிடுவீர்கள். யாரிடம் அனுப்பவேண்டும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். பாரதூரமானது என்றால் ஐ.ஓ.பி.சி., மற்றவை பெரும்பாலும் உள்ளூர் பொலிஸ் ஆணையாளரின் அலுவலகம், லண்டனில் என்றால் மேயரின் பொலிஸ் அலுவலகம். மறுபரிசீலனையில் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டாம். முறைப்பாடு நியாயமாகவும் அதன் கனத்துக்கு ஏற்பவும் கையாளப்பட்டதா என்பதை மட்டும்தான் அங்கே பார்ப்பார்கள். ஆகவே நான் ஒரே பக்கத்தில் எழுதினேன். நான் எழுப்பிய இரண்டு விஷயங்கள் இவை, முடிவுக் கடிதத்தில் இரண்டுக்கும் பதில் இல்லை, ஒலிப்பதிவைக் கேட்டதாகவும் குறிப்பு இல்லை. அவ்வளவே.

மறுபரிசீலனையில் என் பக்கம் சரி என்று முடிவு வந்தது. படைக்குப் பரிந்துரை போனது. திரும்பவும் பார்த்து, சேவை ஏற்கத்தக்கதாக இருக்கவில்லை என்று எழுதி மன்னிப்புக் கேட்டார்கள். வீடு உடைத்த அழைப்புகளுக்குத் தடயம் பற்றிய ஆலோசனையைத் தவறாமல் சொல்லும்படி அழைப்பு எடுப்பவர்களின் கேள்விப் பட்டியலைத் திருத்தியதாகவும் சொன்னார்கள். ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கும் வந்தார், இளம் பிள்ளை, தேநீர் குடித்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எதிர்வீட்டு வாசல் மணியில் இருந்த கமராவில் அன்று மதியம் யாரோ வந்து போனது பதிவாகியிருந்திருக்கலாம், ஆனால் அந்தப் பதிவு எப்போதோ தானாக அழிந்துபோயிருந்தது. ஆகவே களவு நடந்த அன்றே நீங்களே தெருவில் ஒவ்வொரு வீடாகத் தட்டி, பதிவை அழியவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பொலிஸ் வரும்வரை பார்த்திருக்கவேண்டாம். தொலைபேசியில் அழைப்பெடுப்பவர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்: "நான் எதைத் தொடக்கூடாது? தடயம் எடுக்க எப்போது வருவார்கள்?" இந்த இரண்டு கேள்விகளும் ஒலிப்பதிவில் ஏறிவிடும்.

எங்கள் ஆட்களில் பலர் பொலிஸ் என்றாலே ஒதுங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. ஊரில் பட்டது ஒன்று. இங்கே விசா இல்லாத பயம் இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒரு பெண் வீட்டில் அடிபட்டும் பொலிஸுக்குப் போகவில்லை, குடிவரவுத் திணைக்களத்துக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2018இல் சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பும் லிபர்ட்டி என்ற மனித உரிமை அமைப்பும் இதைப் பற்றித்தான் பெருமுறைப்பாடு ஒன்றைக் கொடுத்தார்கள். தனி ஒருவர் கொடுக்கமுடியாத, அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் மட்டும் கொடுக்கக்கூடிய வகை அது. பரிசோதகர்களும் ஐ.ஓ.பி.சி.யும் பொலிஸ் கல்லூரியும் சேர்ந்து விசாரித்து, வீட்டு வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களின் விவரத்தைப் பொலிஸ் குடிவரவுக்குக் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்று 2020 டிசெம்பரில் பரிந்துரைத்தார்கள். பரிந்துரைதான், முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இப்படியான நிலையில் இருப்பவர்கள் பொலிஸுக்கு முன் ஒரு பெண்கள் அமைப்போடு அல்லது சட்டத்தரணியோடு கதையுங்கள். ஆங்கிலம் தடுமாறுபவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். விளங்கிக்கொள்வதும் விளங்கவைப்பதும் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளைச் சொல்லும் நடைமுறைக் கோவையில் முதலாவது உரிமையாகவே இருக்கிறது. என் ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு, நானும் அதைக் கேட்டிருக்கலாம் என்று பட்டது.

என் கடிதத்தில் வேலை செய்த பகுதியைத் தமிழில் கீழே தருகிறேன். ஆங்கிலத்தில் எழுத உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், நன்றாகச் செய்வார்கள். "இந்தத் திகதியில், இந்த நேரத்தில் நான் 101க்கு அழைத்தேன், என் குற்ற இலக்கம் இது. அழைப்பின் ஒலிப்பதிவை இணைத்துள்ளேன். பரிசோதகர்களின் 2022 ஓகஸ்ட் அறிக்கையின் முதலாவது பரிந்துரைப்படி தடயம் பற்றிய ஆலோசனை முதல் அழைப்பிலேயே சொல்லப்பட்டிருக்கவேண்டும். எனக்குச் சொல்லப்படவில்லை. அதன் விளைவாகத் தடயம் அழிந்தது, அதையே காரணமாகக் காட்டிக் கோவை மூடப்பட்டது. இந்தப் பரிந்துரையை உங்கள் படை எந்தத் திகதியிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது, என் அழைப்பில் அது ஏன் பின்பற்றப்படவில்லை என்பதற்குப் பதில் தரவும். இந்த முறைப்பாட்டை மூன்றாம் அட்டவணையின் கீழ் பதியவும்." வேண்டியவர்கள் எடுத்துப் பாவியுங்கள். பரிசோதகர்கள் புது அறிக்கைகளும் போடுவார்கள், ஆகவே அனுப்ப முன் அவர்களுடைய தளத்துக்குப் போய் உங்கள் படைக்குக் கடைசியாக வந்ததைப் பார்த்து, அந்தப் பந்தி இலக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.